லினக்ஸில் இரண்டு ஒலிக் கருவிகள்: நேர நழுவலை எங்கே சரிசெய்வது?

ஒரு யுஎஸ்பி மைக்கையும் எச்டிஎம்ஐ கேப்சர் கார்டையும் வைத்து லினக்ஸில் பதிவு செய்கிறீர்கள். முதல் ஐந்து நிமிடம் உதடும் குரலும் ஒட்டிப் போகின்றன. நாற்பதாவது நிமிடத்தில் குரல் முந்திக்கொண்டு வருகிறது. தீர்வு தேடினால் ஆளுக்கொரு யோசனை: பைப்வயர் என்ற ஒலிச் சேவைக்கு மாறுங்கள், ஜாக் என்ற இன்னொரு ஒலிச் சேவையைப் போடுங்கள், எல்லாவற்றின் சாம்பிள் ரேட்டையும் 48,000-க்கு மாற்றுங்கள், ஒலி-ஒளிக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் நிரலில் ஒரு ஃபில்டர் சேருங்கள், புது இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்குங்கள். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சூழலுக்குச் சரியான விடைதான். உங்கள் சூழலுக்கு எது என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

என் நிலைப்பாட்டை முன்பே சொல்லிவிடுகிறேன். சாம்பிள் ரேட் (ஒரு நொடி ஒலியை எத்தனை அளவுகளாக, அதாவது சாம்பிள்களாக, எடுக்கிறோம் என்ற எண்) மாற்றம் ஒரே ஓர் இடத்தில்தான் நடக்க வேண்டும்; அது எந்த இடம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் ஐந்து வழிகளையும் இதை மனத்தில் வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

## முதலில் எந்தக் கோளாறு என்று பிரியுங்கள்

ஒலி நேரம் தவறுவதற்கு நான்கு காரணங்கள் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தோன்றலாம், ஆனால் மருந்து வேறு வேறு.

ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு தள்ளியிருந்தால் அது வெறும் தாமதம். எடிட்டரில் ஒலித் தடத்தை அந்த அளவு நகர்த்தினால் வேலை முடிந்தது. இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை.

குரலின் சுருதியே மாறி, பதிவின் நீளமும் பெரிதாகத் தவறினால், ரேட் தப்பாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. நொடிக்கு 44,100 சாம்பிள் வீதம் எடுத்த ஒலியை 48,000 என்று குறித்துவிட்டால், ஒரு மணி நேரப் பதிவு 55 நிமிடம் 7.5 நொடிக்குள் ஓடி முடிந்துவிடும். குரல் ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் மேலே போகும். இதற்கு ரீசாம்பிளிங், அதாவது ஒலியை வேறு ரேட்டுக்குக் கணக்கிட்டு மாற்றுவது, செய்யவே கூடாது. கோப்பின் தலைப்பில் இருக்கும் எண்ணைத் திருத்தினால் போதும், ஒலியை ஒரு சாம்பிள்கூடத் தொட வேண்டாம்.

சுருதி சரியாக இருக்கிறது, ஆனால் நேரம் ஆக ஆக விலகல் சீராகக் கூடுகிறது என்றால் அதுதான் நழுவல். ஒவ்வொரு கருவிக்குள்ளும் அதன் கடிகாரமாகத் தனியாக ஒரு கிறிஸ்டல் இருக்கிறது. இரண்டுமே 48,000 என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் ஒன்று சற்று வேகமாகவும் மற்றது சற்று மெதுவாகவும் எண்ணும். இரண்டுக்கும் இடையில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு, அதாவது 50 பிபிஎம் வித்தியாசம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஒலிபரப்புப் பரிந்துரை பிடி.1359-இன்படி, படத்தைவிட ஒலி 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்பவர் உணரத் தொடங்குகிறார். 50 பிபிஎம் நழுவலில் அந்த 45 மில்லிநொடி பதினைந்தே நிமிடத்தில் வந்துவிடும்.

நான்காவது, திடீர்த் தாவல். கணினி நேரத்துக்கு வந்து பஃபரை (ஒலி தற்காலிகமாகத் தங்கும் நினைவகத்தை) காலி செய்யவில்லை, அது நிரம்பி வழிந்து ஒரு துண்டு ஒலி தொலைந்துவிட்டது. லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான அல்சா இதை ஓவர்ரன் என்கிறது, பேச்சுவழக்கில் எக்ஸ்ரன். 1,024 சாம்பிள் போனால் 48,000 ரேட்டில் 21 மில்லிநொடி காணாமல் போகிறது. இங்கேதான் நிறையப் பேர் தவறான மருந்தை எடுக்கிறார்கள். தொலைந்த ஒலியை எந்த ரீசாம்பிளராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. தாவல் உள்ள பதிவை இழுத்து நீட்டினால், கடைசியில் நேரம் பொருந்தும், நடுவில் எங்குமே பொருந்தாது.

சரி, எப்படிப் பிரிப்பது? பதிவின் தொடக்கத்தில், நடுவில், முடிவில் கையைத் தட்டுங்கள், இரண்டு கருவியிலும் விழும்படி. முதல் தட்டலுக்கும் கடைசித் தட்டலுக்கும் இடையே ஒன்றில் 3,400.000 நொடி, மற்றதில் 3,400.136 நொடி என்று வைத்துக்கொள்வோம். அது 40 பிபிஎம். சரிபாதியில் தட்டியிருந்தால் அங்கே விலகல் 0.068 நொடிக்கு அருகில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நழுவல். அங்கே பூச்சியமாக இருந்து பிறகு முழு விலகலும் ஒரேயடியாக வந்திருந்தால் தாவல்.

தாவல் என்று தெரிந்தால் கீழே உள்ள எதையும் தொடுவதற்கு முன் அதை ஒழியுங்கள். பதிவுக்கு மட்டும்தான் என்றால் குறைந்த தாமதம் தேவையே இல்லை, பஃபரைத் தாராளமாகப் பெரிதாக்கலாம். நெரிசலான யுஎஸ்பி ஹப்பிலிருந்து மைக்கைப் பிரித்து நேரடிப் போர்ட்டில் போடுங்கள். அந்தப் போர்ட்டின் மின்சேமிப்பை நிறுத்துங்கள். வேலைகளைக் குறித்த நேரத்துக்குள் செய்து முடிக்கும் ரியல்டைம் கெர்னல் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கான பிரீஎம்ட்-ஆர்டி வசதி 2024-இல் 6.12 பதிப்போடு மைய கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது, ஆனால் வெறும் பதிவுக்கு அது அவசியமில்லை. பெரிய பஃபர் அந்த வேலையைச் செய்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

நழுவல்தான் என்று உறுதியான பிறகு, ஐந்து கேள்விகள்.

ஒலி உடனே வெளியே போக வேண்டுமா, பிறகு போனால் போதுமா? இதுதான் முதல் பிரிவு, பாதி முடிவு இதிலேயே விழுந்துவிடும். அடுத்து, பதிவு எவ்வளவு நீளம்? பத்து நிமிடத்துக்கு நழுவலைக் கண்டுகொள்ளாமலே விடலாம். மூன்றாவது, மூல ஒலி மாறாமல் இருக்க வேண்டுமா? அளவீட்டுக்கும் ஆவணப் பதிவுக்கும் ஆம். உரையாடலுக்கு அவ்வளவு இல்லை. நான்காவது, தப்பு நடந்தால் பிறகு திருத்த வழி இருக்கிறதா? ஐந்தாவது, யார் உழைப்பது: ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடலாமா, ஒவ்வொரு பதிவுக்கும் உட்கார வேண்டுமா?

நான்காவது கேள்விக்கு நான் மற்றவர்களைவிட அதிக மதிப்புக் கொடுப்பேன். ஒருவர் பேசி முடித்துவிட்டுப் போன பிறகு அவரை மறுபடி அதேபோலப் பேச வைக்க முடியாது.

## வழி 1: ஒரே கடிகாரம்

நோயே வராமல் தடுக்கும் வழி. எல்லா மைக்குகளையும் பல சேனல் உள்ள ஒரே இன்டர்ஃபேஸில் செருகிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே கிறிஸ்டல். அவற்றுக்குள் நழுவல் என்ற பேச்சே இல்லை. இன்டர்ஃபேஸ்கள் இரண்டு இருந்தால் வேர்ட் கிளாக், எஸ்பிடிஐஎஃப் அல்லது ஏடாட் கேபிள் வழியாக ஒன்றை மற்றதின் கடிகாரத்துக்கு அடிமையாக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு பணம் மட்டும் இல்லை. சாதாரண யுஎஸ்பி மைக்கில் வெளிக் கடிகாரத்துக்கான வாயிலே கிடையாது. இந்த வழிக்கு வந்தால் அதைக் கைவிட்டாக வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாதது: கேபிளால் இரண்டையும் இணைத்த பிறகும், பைப்வயர் அவற்றைத் தனித்தனிக் கடிகாரங்கள் என்றே எடுத்துக்கொண்டு தேவையில்லாமல் ரீசாம்பிள் செய்யும். இரண்டு கருவிகளின் அமைப்பிலும் கிளாக் பெயரை ஒன்றாகவே எழுதிவைத்தால்தான் அது கையை எடுக்கும். இன்டர்ஃபேஸுக்குச் செலவழித்துவிட்டு இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் கிடைத்த பயன் பாதி போய்விடும்.

பல மைக் வைத்து இசை பதிகிறவர்கள், ஒலி வந்த திசையைக் கணக்கிடுகிறவர்கள், வாரத்துக்குப் பலமுறை இதே வேலை செய்கிறவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். இரண்டு மைக்குக்கு இடையே ஒரு சாம்பிள் பிசகினாலும் கணக்கு கெடும் வேலைகளுக்கு மற்ற நான்கும் மாற்று ஆகாது.

அல்சாவில் இரண்டு கார்டுகளை ஒரே கருவிபோல ஒட்டிக்காட்டும் மல்டி என்ற பிளகின் இருக்கிறது. அதை இந்த வழியின் இலவசப் பதிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அது சேனல்களை ஒட்டுகிறதே தவிர கடிகாரங்களை ஒட்டுவதில்லை. நழுவல் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் எக்ஸ்ரனாக வெடிக்கும்.

## வழி 2: பைப்வயரிடம் விட்டுவிடுவது

ஃபெடோராவில் 2021-இலும் உபுண்டுவில் 2022 அக்டோபர் வெளியீட்டிலும் பைப்வயரே இயல்பான ஒலிச் சேவையாகிவிட்டது. ஆகவே பெரும்பாலானோர் தெரியாமலே இந்த வழியில்தான் இருக்கிறார்கள்.

இது வேலை செய்யும் விதம் அழகானது. இணைந்திருக்கும் கருவிகளில் ஒன்றை ஓட்டுநராக, அதாவது மற்றவை பின்பற்றும் கடிகாரமாக, எடுத்துக்கொள்கிறது. மற்றக் கருவிகளின் பஃபர் எவ்வளவு வேகமாக நிரம்புகிறது என்று தொடர்ந்து பார்த்து, அவற்றின் ரீசாம்பிள் விகிதத்தை நுண்ணளவில் கூட்டியும் குறைத்தும் ஓட்டுநரோடு நடக்க வைக்கிறது. நேரலைக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது, சொல்லாமல் நடக்கும் மாற்றம். பைப்வயரின் இயல்பு ரேட் 48,000. அனுமதித்த ரேட் பட்டியலிலும் அது ஒன்றுதான். உங்கள் வேலை முழுவதும் 44,100-இல் இருந்தால், ஒலி 48,000-க்குப் போய், மறுபடி 44,100-க்குத் திரும்பி வரலாம். பட்டியலில் 44,100-ஐயும் சேர்த்துவிடுங்கள். சேர்த்தாலும், வேறு எதுவும் ஓடாமல் சும்மா இருக்கும்போதுதான் அது ரேட்டை மாற்றிக்கொள்ளும். பின்னணியில் ஒரு உலாவி ஒலி எழுப்பிக்கொண்டிருந்தால் பழைய ரேட்டிலேயே நிற்கும்.

அப்புறம், ரீசாம்பிள் தர எண். இயல்பாக 4. பேச்சுக்கு இது போதும். இசைக்கு 10 வைத்துப் பாருங்கள். சிபியு கொஞ்சம் கூடும், ஃபில்டர் நீள்வதால் தாமதமும் சற்றுக் கூடும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: திருத்தப்பட்ட ஒலி மட்டுமே உங்கள் கைக்கு வருகிறது, மூலம் எங்கேயும் சேமிக்கப்படுவதில்லை. எந்தக் கருவி ஓட்டுநர், எது எந்த ரேட்டில் ஓடுகிறது, எத்தனை பிழை விழுந்தது என்பதை பிடபிள்யூ-டாப் என்ற கருவி நேரடியாகக் காட்டும். முக்கியமான பதிவு என்றால் அதை ஒரு ஜன்னலில் திறந்தே வையுங்கள். பிழை எண்ணிக்கை நகரத் தொடங்கினால், நழுவலோடு தாவலும் வருகிறது என்று அர்த்தம்.

நேரலை, வீடியோ அழைப்பு, ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு நிரல் வழி நேரடி ஒளிபரப்பு, பாட்காஸ்ட் உரையாடல்: இதற்கெல்லாம் இதுவே போதும்.

## வழி 3: ஜாக்கும் ஜீட்டா பாலமும்

ஜாக்குக்கு ஒரே கருவி, ஒரே கடிகாரம், ஒரே ரேட். இரண்டாவது கருவியை உள்ளே கொண்டுவர ஜீட்டா-ஏஜேபிரிட்ஜ் என்ற பாலம் உண்டு; ஃபோன்ஸ் ஆட்ரியான்சன் எழுதியது. பைப்வயர் வருவதற்கு முன் இந்தச் சிக்கலுக்கு இருந்த மிகத் தரமான விடை இதுதான் என்று சொல்வேன். விவரமாக அச்சிடச் சொல்லி இயக்கினால், இந்தப் பாலம் சராசரிப் பிழையையும் அப்போதைய திருத்த விகிதத்தையும் அச்சிட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் இரண்டு கிறிஸ்டல்களுக்கும் நடுவே எத்தனை பிபிஎம் என்று கைதட்டாமலே தெரிந்துவிடும்.

செலவு உங்கள் நேரம்தான். ஜாக்கைப் புரிந்துகொள்ள வேண்டும், டெஸ்க்டாப் ஒலியோடு சண்டை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே ஜாக்கில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு இது இயல்பானது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 4: தனித்தனியாகப் பதிந்து பிறகு சரிசெய்வது

நேரலை தேவையில்லை என்றால் என் தேர்வு இதுதான். ஒவ்வொரு கருவியையும் அதன் சொந்த ரேட்டில், தனித்தனிக் கோப்பாக, எந்த மாற்றமும் இல்லாமல் பதிந்துவிடுங்கள். பதிவின்போது கணினிக்கு இருக்கும் ஒரே கடமை ஒரு சாம்பிளையும் தவறவிடாமல் எழுதுவது. அறிவு தேவைப்படும் வேலை எல்லாம் பிறகு, அவசரமில்லாமல்.

பதியும்போது அல்சாவின் எச்டபிள்யூ கருவிப் பெயரைப் பயன்படுத்துங்கள், பிளக்எச்டபிள்யூ வேண்டாம். முன்னது, கருவிக்கு இயலாத ரேட்டைக் கேட்டால் மாற்றித் தராது. பின்னது எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லி உள்ளுக்குள் மாற்றித் தந்துவிடும். அந்த மாற்றமும் எப்போதும் நல்ல தரமாக இருப்பதில்லை: அல்சா பிளகின்ஸ் தொகுப்பிலுள்ள ஸ்பீக்ஸ் மாற்றி நிறுவப்படாவிட்டால், அல்சா சாதாரண நேர்கோட்டு இடைக்கணிப்புக்கு இறங்கிவிடும். உயர் அதிர்வெண்களில் அந்தக் கறை நன்றாகவே கேட்கும். உண்மையில் எந்த ரேட்டில் ஓடுகிறது என்பதில் சந்தேகம் இருந்தால், ப்ராக் கோப்பகத்துக்குள் அசவுண்ட் கிளையில் அந்தக் கார்டின் பதிவுப் பகுதியைத் திறந்து பாருங்கள். நிரல்கள் திரையில் சொல்வதைவிட அதை நம்பலாம்.

திருத்தும்போது எதை அளவுகோலாக வைப்பது? படம் இருந்தால் படத்தோடு வந்த ஒலியை. ஆனால் முதலில் அந்த ஒலி படத்தோடு உண்மையிலேயே பொருந்துகிறதா என்று கடைசித் தட்டலில் கை சேரும் காட்சிச் சட்டகத்தை வைத்துப் பாருங்கள். படத்தின் நேரக்குறி (ஒவ்வொரு சட்டகமும் எப்போது வந்தது என்ற குறிப்பு) கணினியின் கடிகாரத்திலிருந்தும் வரலாம். அப்போது இரண்டு அல்ல, மூன்று கடிகாரங்கள் இருக்கின்றன.

பிறகு கணக்கு எளிது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் நீளமாக இருக்கும் கோப்பை 1.00004 மடங்கு வேகமாக்க வேண்டும். சாக்ஸ் நிரலின் ஸ்பீட் விளைவு இதைச் செய்யும். டெம்போ விளைவை எடுக்காதீர்கள். அது சுருதியைக் காப்பாற்றுவதற்காக ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டும். 40 பிபிஎம் சுருதி மாற்றத்தை யாராலும் கேட்க முடியாது, வெட்டுத் தழும்புகளைக் கேட்க முடியும். இறுதிக் கோப்பு 44,100-இல் வேண்டும் என்றால் அதையும் இதே ஓட்டத்திலேயே, மிக உயர்ந்த ரேட் தரத்தில் செய்துவிடுங்கள். இரண்டு தனித்தனி மாற்றங்களாகச் செய்யாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கும் உண்டு. பைப்வயர் கருவியைப் பிடித்து வைத்திருந்தால் நேரடிப் பதிவுக்குக் கருவி கிடைக்காது. பைப்வயரில் அந்தக் கார்டின் சுயவிவரத்தை (புரொஃபைல்) அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். டபிள்யூஏவி கோப்பின் நீள எண் 32 பிட், ஆகவே 4 ஜிபிக்கு மேல் அது தாங்காது. 48,000 ரேட்டில் 24 பிட் ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி, நான்கு மணி நேரம் தாண்டியதும் எல்லை வந்துவிடும். நாள் முழுதும் ஓடும் பதிவுக்கு ஆர்எஃப்64 அல்லது டபிள்யூ64 வடிவம் எடுங்கள். இன்னொன்று, நழுவல் முழுக்க நேர்கோடு இல்லை. கிறிஸ்டல் சூடாகும்போது அதன் அதிர்வெண் சற்று மாறும், அதனால் செருகியதும் தொடங்கும் பதிவின் முதல் சில நிமிடங்கள் மற்றதோடு வளைந்து நிற்கும். கருவிகளை முன்கூட்டியே இயக்கி வைத்துவிடுங்கள்.

## வழி 5: எஃப்எஃப்எம்பெக்கின் ஏரீசாம்பிள் ஃபில்டர்

இணையத்தில் அதிகம் நகலெடுக்கப்படும் வழி. ஏரீசாம்பிள் ஃபில்டருக்கு அசிங்க் என்ற அளபுரு உண்டு. அதற்கு 1 கொடுத்தால், நேரக்குறிக்குப் பொருந்தும்படி மௌனத்தை நிரப்பும் அல்லது ஒலியை வெட்டும், இழுக்காது. 1000 கொடுத்தால், நொடிக்கு 1,000 சாம்பிள்வரை இழுக்கவோ சுருக்கவோ அனுமதிக்கிறீர்கள் என்று பொருள். நழுவலுக்கு 1 கொடுத்துவிட்டு, நடுநடுவே டக் டக்கென்று சத்தம் வருகிறது என்று வருந்துபவர்கள் நிறைய. அந்தச் சத்தம் ஃபில்டர் தன் வேலையைச் செய்ததன் விளைவு.

இந்த ஃபில்டர் நேரக்குறிகளை முழுக்க நம்புகிறது. அல்சாவிலிருந்து எடுக்கும் ஒலிக்கு எஃப்எஃப்எம்பெக் கணினியின் நேரத்தை வைத்தே நேரக்குறி இடுகிறது. பதிவின் நடுவே கணினியின் நேரம் இணைய நேரச் சேவையால் தாவித் திருத்தப்பட்டால் ஒலியும் சேர்ந்து தாவும்.

ஆனால் இதற்கென்று ஓர் இடம் உண்டு. ஆளில்லாமல் நாள்கணக்கில் ஓடும் கண்காணிப்புப் பதிவு, அவ்வப்போது சாம்பிள் தொலைவது உறுதி, கச்சிதமான ஒலியைவிட நேரம் பொருந்துவதே முக்கியம். அங்கே தொலைந்த இடத்தில் மௌனத்தை வைத்து, அடுத்து வருவதைச் சரியான நேரத்தில் நிறுத்தும் இந்த ஃபில்டர், மற்ற நான்கும் செய்யாததைச் செய்கிறது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | நேரலை | மூல ஒலி மாறாமல் கிடைக்குமா | பிறகு திருத்தலாமா | உழைப்பு | எங்கே சறுக்கும் |
|---|---|---|---|---|---|
| ஒரே கடிகாரம் | ஆம் | ஆம் | தேவைப்படாது | ஒருமுறை, பணச் செலவோடு | யுஎஸ்பி மைக்கைச் சேர்க்க முடியாது |
| பைப்வயர் | ஆம் | இல்லை | அரிது | மிகக் குறைவு | தெரியாமல் இருமுறை ரேட் மாறுவது |
| ஜாக், ஜீட்டா பாலம் | ஆம் | முதன்மைக் கருவிக்கு மட்டும் | அரிது | கற்றுக்கொள்ள அதிகம் | டெஸ்க்டாப் ஒலியோடு மோதல் |
| தனித்தனிப் பதிவு | இல்லை | ஆம் | ஆம், எத்தனை முறையும் | ஒவ்வொரு பதிவுக்கும் | கைதட்ட மறந்துவிடுவது |
| ஏரீசாம்பிள் | ஆம் | இல்லை | இல்லை | குறைவு | நேரக்குறி தவறினால் எல்லாம் தவறும் |

## இரண்டும் வேண்டும் என்றால்

நேரலையும் போக வேண்டும், பிறகு தரமான பதிவும் வேண்டும் என்பவர்கள் இரண்டாவது, நான்காவது வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தவிக்கிறார்கள். தவிக்க வேண்டாம், இரண்டையும் சேர்க்கலாம். முக்கியமான மைக்கையே பைப்வயரின் ஓட்டுநராக்கி, பைப்வயர் இணைத்து ஓட்டும் மொத்தத் தொகுப்பின் ரேட்டையும் அந்த மைக்கின் சொந்த ரேட்டாகவே வைத்துவிட்டால், அந்த மைக்கின் ஒலி ரீசாம்பிளரைத் தொடாமல் வரும். கேப்சர் கார்டின் ஒலிதான் அதற்கேற்ப வளையும். ஓட்டுநர் முன்னுரிமை எண்ணை அந்த மைக்குக்கு மற்றவற்றைவிட உயர்த்தினால் போதும். நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பைப்வயரின் பதிவுக் கருவியான பிடபிள்யூ-ரெகார்ட் மூலம் அந்த மைக்கைத் தனிக் கோப்பாக, அதே ரேட்டில் எழுதிவையுங்கள். தொடங்கும் முன் பிடபிள்யூ-டாப்பில் இரண்டைச் சரிபாருங்கள்: ஓட்டுநர் வரிசையில் மைக்கின் பெயர் இருக்கிறதா, ரேட் பத்தியில் நீங்கள் எதிர்பார்த்த எண் இருக்கிறதா. இரண்டும் சரியாக இருந்தால், கையைத் தட்டிவிட்டுத் தொடங்கலாம்.